ஒண்ணு எடுத்துக்கிடட்டா?

அத்தான்.

கூப்பிட்டுப் பார்க்கிறேன். முன்பெல்லாம் நான் இப்படிக் கூப்பிட்டு வாயை மூடுவதற்குள் "என்னட்டி" என்று பதில் வந்துவிடும். அடுப்படியில் இருந்தாலும் வரும், மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டு இருந்தாலும் வரும். இப்போது பக்கத்து வீட்டு மிக்சி சத்தம்தான் வருகிறது.

நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். எழுதிப் பழக்கம் இல்லை. மனதில் வருகிற மாதிரியே எழுதிக்கொண்டு போகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அக்காவைக் கட்டியவரைப் பற்றித்தான் இது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற பிட்டர் வேலை அவருக்கு. வாரத்தில் மில் லீவு என்றால் சட்டைப் பையில் சின்னக் கேமரா ஒன்றைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். போட்டோ எடுத்து யாருக்கும் விற்றதில்லை. எந்தப் போட்டிக்கும் அனுப்பியதில்லை. ஆசைக்கு எடுத்தார், அவ்வளவுதான்.

அவரை இந்தப் பக்கம் கேமராக்காரர் என்று தெரிந்தவர்களைவிட "கேட்டுட்டு எடுக்கறவரு" என்று தெரிந்தவர்கள்தான் அதிகம். ஆளாகட்டும், ஆடு மாடாகட்டும், கேட்காமல் எடுக்க மாட்டார். கேமராவை உள்ளங்கைக்குள் மூடி நெஞ்சோடு வைத்துக்கொள்வார். ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார். "ஒண்ணு எடுத்துக்கிடட்டா?" என்பார். சரி என்றால் எடுப்பார். வேண்டாம் என்றால் "சரி, நல்லாருங்க" என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஏன் வேண்டாம் என்று கேட்க மாட்டார். இன்னொரு தடவை கெஞ்சவும் மாட்டார்.

அவர் வைத்திருந்ததெல்லாம் கைக்குள் அடங்குகிற பழைய டிஜிட்டல் கேமராக்கள். போனில் கேமரா வந்த பிறகு ஊரில் பாதிப்பேர் வீட்டு பீரோவில் சேலைக்கு அடியில் தூங்கிக்கொண்டு இருந்தவை. அதைத் தேடிப் போய் வாங்கி வருவார். வெள்ளி நிறத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று, தண்ணீருக்குள் முக்கினாலும் கெடாது என்று ஒன்று. லென்ஸ் வெளியே வந்தால் உள்ளே போகாமல் அடம் பிடிக்கிற ஒன்றும் இருந்தது. அதற்கு "மருமகப்பிள்ளை" என்று பேர் வைத்திருந்தார். விருந்துக்கு வந்தால் வீடு திரும்ப மாட்டான் என்பதால். மில்லில் கூட வேலை பார்க்கிறவர்கள், "என்னப்பா, தீப்பெட்டிய வச்சு போட்டோ எடுக்க" என்று கேலி பண்ணுவார்கள். சிவகாசிக்காரர் ஒருவர், அதற்கு நாங்கள் லேபிள் ஒட்டித் தரட்டுமா என்று கேட்டாராம். இவரும் சிரித்துக்கொண்டே, ஒட்டுங்கள், ஆனால் லென்சை விட்டுவிட்டு ஒட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

பெரிய கேமரா ஒன்று தவணையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அக்காவே ஒரு தடவை சொன்னாள். அதற்கு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

"பெரிய கேமராவ மூஞ்சிக்கு நேரா தூக்கிட்டா நம்ம மூஞ்சி அவியளுக்குத் தெரியாதுலா. நம்மளும்தான் தெரியணும். அதுபோக, வேண்டாம்னு சொல்லிட்டா அம்புட்டுப் பெருச எங்க கொண்டு போயி ஒளிக்க? இதுன்னா பைக்குள்ள போட்டுட்டு வந்துரலாம்."

அப்படியென்றால் போனிலேயே எடுக்கலாமே என்று நான் கேட்டேன். போனைத் தூக்கினால் பேசுகிறோமா, படம் பார்க்கிறோமா, அவர்களைத்தான் எடுக்கிறோமா என்று எதிரில் இருப்பவர்களுக்குத் தெரியாது என்றார். கேமரா என்றால் 'சொய்ங்' என்று சத்தம் போட்டுக்கொண்டு லென்ஸ் வெளியே வரும், இன்னது நடக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும் என்றார்.

கேட்டுக் கேட்டே நல்ல படங்களை எல்லாம் கோட்டை விட்டவர் அவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து மலையடிவாரத்துக்கு, செண்பகத்தோப்புக்கு, எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சாம்பல் நிறத்தில் பூனை அளவுக்குப் பெரிய அணில் உண்டு. அதைப் பார்க்கவே வெளியூரில் இருந்து வருவார்கள். அன்றைக்கு எங்கள் அதிர்ஷ்டம், தாழ்ந்த கிளையில் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒன்று உட்கார்ந்து எதையோ கொறித்துக்கொண்டு இருந்தது. இவர் விரலைத் தூக்கினார். "ஒண்ணு எடுத்துக்கிடட்டா?" என்றார். அணில் ஒரே தாவில் மேலே போய்விட்டது.

அக்காவுக்கு வந்ததே கோபம். "ஏங்க, அணிலு உங்களுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா?"

"பிடிக்கலன்னு சொல்லிட்டுதான போகுது."

"எப்ப சொல்லுச்சு?"

"ஓடுச்சுல்லா. பொறவு என்ன."

செத்த நேரத்தில் நீளமான லென்ஸ் வைத்த கேமராவோடு ஒருவர் வந்தார். மதுரைக்காரர். இன்னொரு மரத்தில் அதே அணிலையோ அதன் உடன்பிறப்பையோ எடுத்து, எங்களுக்குத் திரையில் காட்டினார். மீசை மயிர்கூட எண்ணுகிற மாதிரி இருந்தது. அத்தான் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தான் எடுத்த மாதிரி சந்தோஷம். வரும் வழியெல்லாம் அந்த மீசையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பொறாமை என்பது அவருக்கு வரவே வராது. எங்கள் அக்காவுக்குத்தான் அவருக்கும் சேர்த்து வரும்.

பால்கோவா கிண்டுகிற இடத்தில் இன்னொரு கூத்து. அடுப்பு முன்னால் நின்று கிண்டுகிற அண்ணனிடம் இவர் விரலைத் தூக்கினார். அவர் முதலாளியைக் கேட்கச் சொன்னார். முதலாளி, கிண்டுகிறவன் அவன், அவனைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார். இவர் மறுபடி அடுப்புக்கு வந்தார். அதற்குள் பால் சுண்டி, சட்டியை இறக்கி, அந்த அண்ணன் கையைக் கழுவிவிட்டார். "அடுத்த பாலுக்கு வாரும்" என்றார். இவர் அடுத்த பாலுக்கும் போய் நின்றார். நாங்கள் இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அந்த அடுப்புச் சூட்டில் சாயங்காலம் வரை வெந்தோம்.

சிரிக்கிற மாதிரியே எப்போதும் முடியாது. சுந்தரபாண்டியத்துக்குப் பக்கத்தில் ஒரு வயலில் நடவு நடந்துகொண்டு இருந்தது. வரப்பில் நின்ற ஆள், "நம்ம வீட்டுப் பொம்பளைதான், எடுத்துக்கங்க" என்று சேற்றில் நின்ற தன் பெண்டாட்டியைக் காட்டினார். அத்தான் அந்த அக்காவைப் பார்த்து விரலைத் தூக்கினார். அவள் குனிந்தபடியே தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. இவர் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த ஆளுக்கு முகம் மாறிவிட்டது. நான் சொல்லுதேன், எடும் என்கிறார். இவர் நல்லபடியாகத்தான் சொன்னார், "அவியகிட்டயும் கேக்கணும்லா அண்ணே" என்று. அதற்குள் அந்த ஆள் கெட்ட வார்த்தைக்குப் போய்விட்டார். பஸ் ஸ்டாப் வரைக்கும் வைதுகொண்டே பின்னால் வந்தார். நான் பயந்துபோய் அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தான் நடையை வேகப்படுத்தவில்லை. பஸ்சில் ஏறின பிறகு, நடவு நட்ட அந்த அக்காவுக்கு இன்றைக்கு வீட்டில் என்ன கிடைக்குமோ என்று மட்டும் சொன்னார். சேத்தூர் தாண்டி ஆற்றுக்குப் போகலாம் என்று இருந்தோம், போகவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏன் அழுகிறேன் என்று உங்களுக்குத் தெரியாது.

எனக்குப் பன்னிரண்டு வயசில் உதட்டோரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. அடுத்த வருஷம் அது வாயைச் சுற்றி வந்தது. பிறகு இடது கண் பக்கம். வலிக்காது, அரிக்காது, யாருக்கும் ஒட்டாது. வெண்புள்ளி என்று டாக்டர் சொன்னார். பள்ளிக்கூடத்தில் வேறு பேர் சொன்னார்கள், அதை எழுத வேண்டாம். பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார்ந்து, ஒரு நாள் வேறு பெஞ்சுக்கே போய்விட்டாள். ஒன்பதாவது முடிந்து நான் போகவில்லை. பேண்டேஜ் துணி மடித்துப் பாக்கெட் போடுகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எல்லாரும் வாயில் மாஸ்க் கட்ட வேண்டும். அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். கொரோனா வந்து ஊரே மாஸ்க் போட்டபோது எல்லாரும் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அப்பாடா என்று இருந்தது. கொரோனா போன பிறகும் நான் கழற்றவில்லை.

போட்டோ என்றால் ஓடிவிடுவேன். ஆதார் கார்டில் மட்டும் என் முகம் இருக்கிறது. அங்கே படம் பிடித்த ஆள் என்னைக் கேட்கவில்லை, மாஸ்க்கை எடும்மா என்றான், எடுத்துவிட்டான்.

அக்கா கல்யாணத்தன்றும் அப்படித்தான். போட்டோக்காரரும் வீடியோக்காரரும் மேடையை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். கொழுந்தியாள் வந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நில்லும்மா என்று கூப்பிடுகிறார்கள். நான் மண்டபத்து சாமான் அறைக்குள் போய் வாழை இலைக் கட்டு மேல் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கழுத்தில் மாலையோடு மாப்பிள்ளை நிற்கிறார். அதற்கு முன்னால் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பட்டுச் சட்டைப் பையில் இருந்து அந்த வெள்ளிக் கேமராவை எடுத்து, நெஞ்சோடு வைத்து, விரலைத் தூக்கினார்.

"ஒண்ணு எடுத்துக்கிடட்டா?"

"வேண்டாம்."

"சரி. நல்லாரு."

கேமராவைப் பைக்குள் போட்டார். வெளியே போய் கதவையும் சாத்தினார். வெளியில் யாரோ, கொழுந்தியாள் எங்கே என்று கேட்டார்கள். அவ வேலையா இருக்கா என்று இவர் சொன்னது கேட்டது. அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. அந்தக் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்கு நெஞ்சு ஒரு பக்கம் வீங்கின மாதிரி இருக்கும். கேமராவை வெளியே எடுத்துவிட்டு நில்லுங்கள் என்று போட்டோக்காரர் கெஞ்சியும் கேட்கவில்லையாம்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் என்னையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். எங்கள் அப்பா அம்மா போன பிறகு நான் அவர்களோடுதான் இருந்தேன். பிளவக்கல் அணை, திருச்செந்தூர், தனுஷ்கோடி, செங்கோட்டையில் இருந்து மலையைக் குடைந்து கேரளாவுக்குப் போகிற ரயில். பாதிப் பயணம் படம் எடுக்க என்றால், மீதிப் பயணம் எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அந்தந்த ஆளிடம் கொடுக்க. திருச்செந்தூரில் கருவாடு விற்கிற அம்மா, போ போ என்று முதலில் விரட்டினாள். நாங்கள் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, "ஏ தீப்பெட்டி, வா, வந்து எடு" என்று அவளே கத்திக் கூப்பிட்டாள். அவளுக்குப் பிரிண்ட் கொடுக்கவே இன்னொரு தடவை அங்கே போனோம்.

ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னிடம் விரலைத் தூக்குவார். "ஒண்ணு எடுத்துக்கிடட்டா?" நான் வேண்டாம் என்பேன். சரி, நல்லாரு என்று பைக்குள் போட்டுக்கொள்வார். முகம் சுணங்காது. அக்காவிடம் போய் என்னைச் சமாதானம் பண்ணச் சொல்ல மாட்டார். அக்கா ஒரு நாள் அவர் சார்பாக, சும்மா நில்லுடி, ஒன்றும் ஆகாது என்று ஆரம்பித்தாள். அவர்தான் அவளை அடக்கினார். அப்படிச் சம்மதித்து நின்றால் அது உன் படம், அவள் படம் இல்லை என்றார்.

வருஷம் ஓடியது. நான் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டு இருந்தேன். ஆனால் அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கவும் ஆரம்பித்துவிட்டேன். உலகத்தில் எல்லாரும் என் வாயைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்புகிறவர்கள். ஒருத்தர் மட்டும் நேராகப் பார்த்து, இந்த முகத்தை எடுக்கலாமா என்று கேட்கிறார். வேண்டாம் என்று சொல்கிற உரிமையையும் கையில் கொடுக்கிறார். அது எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அப்படி ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். கோயில், ரத வீதி, குளத்துக் கரை என்று காலையில் இருந்து சுற்றினோம். அவர் ஊரில் இருக்கிற எல்லாரிடமும் விரலைத் தூக்குகிறார். என்னிடம் கேட்கவில்லை. மதியம் ஹோட்டலில் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. சாயங்காலம் ராஜபாளையம் பஸ்சுக்கு பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றுவிட்டோம். அவருக்கும் அலுத்துப் போச்சு போல என்று நினைத்தேன். நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

"அத்தான், இன்னைக்கு என்கிட்ட கேக்கவே இல்லையே."

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். "மத்தியானத்தோட பேட்டரி செல்லு போச்சுட்டி. செல்லு இல்லாம எப்படிக் கேக்க? கேட்டு நீ சரின்னு சொல்லிட்டா?"

அக்கா ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "இங்க நின்னு என்ன பேச்சு. போங்க, போயி வாங்கிட்டு வாங்க."

ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்களுக்கு நடுவில் அவர் ஓடினது இன்னும் கண்ணில் நிற்கிறது. கடையில் இருந்தது சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற மலிவு செல்தானாம். அதைப் போட்டால் கேமரா கண்ணைத் திறக்கும், ஒன்று எடுத்ததும் படுத்துவிடும். அவருக்கு அது தெரியும். இருந்தாலும் வாங்கி வந்தார். போட்டார். 'சொய்ங்' என்று லென்ஸ் வந்தது. திரையில் சிவப்பாக பேட்டரி அடையாளம் மின்ன ஆரம்பித்துவிட்டது.

எங்கள் பஸ் புறப்படத் தயாராகிவிட்டது. கண்டக்டர் விசில் ஊதி, "ஏ மாப்ள, ஏறுதியா, இல்ல இங்கனயே குடும்பம் நடத்தப் போறியா" என்று சத்தம் போடுகிறார். சுற்றிலும் அவ்வளவு ஜனம். நான் மாஸ்க்கைக் கழற்றினேன். சாயங்காலக் காற்று வாயில் பட்டது, கூசியது. சுண்டல் விற்கிறவர் பார்க்கிறார், ஜன்னலில் இருந்து கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நின்றேன் என்று சொன்னால் பொய். கழற்றின மாஸ்க்கைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் நின்றேன்.

நானே வாய்விட்டுக் கேட்டு, நானே மாஸ்க்கைக் கழற்றி நிற்கிறேன். சிவப்பு மின்னிக்கொண்டு இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் பட்டனை அழுத்தி இருப்பார்கள். அந்த மனுஷன் கேமராவை நெஞ்சுக்குக் கொண்டுபோய், விரலைத் தூக்கி, "ஒண்ணு எடுத்துக்கிடட்டா?" என்று கேட்கிறார்.

"எடுங்க அத்தான்."

எடுத்தார். கேமரா செத்தது. லென்ஸ் உள்ளே போகவில்லை. மருமகப்பிள்ளையைத்தான் அன்றைக்குக் கொண்டு வந்திருந்தார். ராஜபாளையம் வருகிறவரை அதைக் கோழிக்குஞ்சு மாதிரி இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு வந்தார். படம் விழுந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

வீட்டில் வேறு செல் போட்டுப் பார்த்தோம். விழுந்திருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து இருந்தது. ஓரத்தில் கண்டக்டர் கை பாதி. நான் சிரிக்கவில்லை. என் வாய் திறந்திருக்கிறது. எடுங்க அத்தான் என்று சொன்னேனே, அதில் கடைசி 'தான்' சொல்லும்போது எடுத்திருக்கிறார். வாயைச் சுற்றி வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை, எல்லாம் தெளிவாக இருக்கிறது. நான் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. பயந்துகொண்டே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பயம் போய்விட்டது. நான்தான் அது, வேறு யாரும் இல்லை.

பிரிண்ட் போடட்டா என்று கேட்டார். போடுங்கள் என்றேன். ஸ்டுடியோவுக்கு நாங்கள் சேர்ந்தே போனோம். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த அண்ணன் நல்லவர்தான். உதவி பண்ணுவதாக நினைத்து, "இந்த வெள்ளைய எல்லாம் எடுத்துருவோம், ஒரே நிமிசம்" என்று அம்புக்குறியைக் கொண்டுபோய் என் உதட்டில் வைத்தார். அத்தான் அவர் கையைப் பிடிக்கவில்லை, கோபப்படவில்லை. "அது அவ மூஞ்சி. அவகிட்ட கேளுங்க" என்றார்.

அந்த அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மாஸ்க் போட்டிருந்தேன். அத்தான் சுவரில் தொங்குகிற படங்களைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். நான் என்ன சொல்ல வேண்டும் என்று அவர் முகத்தில் தேடக்கூடாது என்பதற்காக.

"இருக்கட்டும் அண்ணே" என்றேன்.

அந்தப் படம் எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குக் கீழே மாட்டி இருக்கிறது. வருகிறவர்கள் பார்ப்பார்கள். சிலர் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வேலை செய்கிற இடத்து அக்கா ஒருத்தி மட்டும், வாயைத் திறந்துகொண்டு என்னத்தடி சொல்ல வந்தாய் என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றோடு எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பஸ்சில் போனால் மாஸ்க் போடுவேன். தெருவில் போட மாட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அதற்கும் அத்தான் ஒன்றும் சொன்னதில்லை.

அவர் போனது காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். ஆட்டோவில் என் மடியில்தான் தலை இருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன்னே முடிந்துவிட்டது. நாற்பது வயசு ஆகவில்லை. இதற்கு மேல் அதை எழுத முடியவில்லை.

வீட்டுக்குக் கொண்டு வந்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். கூட்டம் வந்தது. அவர் எத்தனை ஊர்க்காரர்களுக்குப் பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பால்கோவா கிண்டுகிற அண்ணன் வந்தார். ஸ்டுடியோ அண்ணன் வந்தார். கூட்டத்தோடு போன்களும் வந்தன. அவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் பெட்டிக்கு மேலே போனை நீட்டி, துபாயில் இருக்கிற தம்பிக்கு வீடியோவில் காட்டிக்கொண்டு இருந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் எடுக்க ஆரம்பித்தார்கள். அக்கா தலைமயிர் அவிழ்ந்து, சேலை விலகி, பெட்டியில் தலையை முட்டிக்கொண்டு கிடக்கிறாள். அதற்கு நேராக நாலைந்து போன்கள்.

என் மாஸ்க் அழுது அழுது நனைந்து எப்போதோ எங்கேயோ விழுந்துவிட்டது. நான் எழுந்து போய் போன்களுக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றேன். இப்போது எல்லாத் திரையிலும் என் முகம்தான் இருந்திருக்கும்.

"அண்ணே, கேட்டுட்டு எடுங்க."

"எழவு வீட்டுல யார்ட்டம்மா போயிக் கேக்கச் சொல்லுத?"

"அந்தா இருக்கா எங்கக்கா. அவகிட்ட கேளுங்க."

பெரிய மனுஷரிடம் இப்படிப் பேசலாமா, பேசாமல் இரு என்று யாரோ ஒரு பெரியம்மா என் கையை இழுத்தாள். நான் நகரவில்லை. அந்த அண்ணன் என் வாயைப் பார்த்தார், எல்லாரும் பார்க்கிற மாதிரி. பிறகு என் கண்ணைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, போனைத் தாழ்த்தி, அக்கா பக்கத்தில் தரையில் குந்தினார்.

"தாயி, துபாயில இருக்க தம்பி அவன ஒரு தடவ பாக்கணும்னு அழுதான். காட்டட்டா?"

அக்கா தலையைத் தூக்கினாள். அவ்வளவு நேரமும் யாரும் அவளை எதுவும் கேட்டிருக்கவில்லை. எங்கே படுக்க வைக்க, எத்தனை மணிக்கு எடுக்க, எல்லாம் ஆண்களே பேசி முடித்துவிட்டார்கள். அவள் முதல் தடவையாக யோசித்தாள்.

"அவுகள மட்டும் காட்டுங்க. என்னையக் காட்ட வேண்டாம்" என்றாள்.

சரி என்று அவர் எழுந்து அந்தப் பக்கமாகப் போய், பெட்டிக்குள் முகம் மட்டும் தெரிகிற மாதிரி பிடித்துக் காட்டினார். மற்ற போன்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. அக்கா சேலையைச் சரி செய்தாள். தலைமயிரை அள்ளி முடிந்தாள். பிறகு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அத்தான், உங்களுக்கு நான் நன்றி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் நீங்கள், எதுக்குட்டி என்று கேட்பீர்கள். எதற்கு என்று சொல்ல எனக்கு வார்த்தை வந்திருக்காது. இப்போது இவ்வளவு எழுதிவிட்டேன். இதற்குத்தான் அத்தான்.

இதை அச்சில் போடுகிறவர்கள் அவர் பேரும் ஒரு படமும் கேட்டார்கள். நான் அக்காவிடம் கேட்டேன். அவள், "அவுககிட்ட கேக்க முடியாதுல்லா, வேண்டாம்" என்றாள். அதனால் அவர் பேர் இதில் இல்லை, படமும் இல்லை. படம் கட்டாயம் வேண்டும் என்றால் என் படத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், பஸ் ஸ்டாண்டில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிற அதே படம். அதற்கு நான் சம்மதிக்கிறேன்.

இதைப் படிக்கிற நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், இன்றைக்கு விளக்கு ஏற்றும்போதோ முழங்கால் போடும்போதோ எங்கள் அத்தானுக்காக ஒரு வார்த்தை கேளுங்கள். அவரை நல்ல இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். பேர் தெரியாமல் எப்படி வேண்ட என்று யோசிக்க வேண்டாம். ராஜபாளையத்தில் கேட்டுவிட்டு எடுத்தவர் என்று சொல்லுங்கள், சாமிக்கு ஆள் தெரியும்.